தொலி மெல்லியது என்று யார் சொன்னது?

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் முதல் இயலிலேயே தேவநேயப் பாவாணரின் 'தமிழ்ச்சொல் வளம்' வந்துவிடுகிறது. செடி கொடி மரங்களின் அடி முதல் நுனி வரை ஒவ்வொன்றுக்கும் தமிழில் எத்தனை பெயர் என்று அடுக்கிக்கொண்டு போகும் கட்டுரை. காய்க்கும் பழத்துக்கும் மேலே இருக்கும் உறைக்கும் அதில் ஒரு வரிசை உண்டு. உறை மெலிந்தே இருந்தால் தொலி, கொஞ்சம் தடித்தால் தோல், கெட்டிப்பட்டால் தோடு, அதற்கும் மேலே போனால் ஓடு. 'பொருத்துக' கேட்க இதைவிட வசதியான பட்டியல் கிடைக்காது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் இதை நெட்டுருப் போடுகிறார்கள். தமிழ் எவ்வளவு நுட்பமான மொழி என்று காட்ட மேடைப் பேச்சாளர்களும் இதைத்தான் எடுத்து விடுகிறார்கள்.

கேட்கச் சுகமாக இருக்கிறது. அடுப்படியில் வைத்துச் சோதித்தால் நிற்கவில்லை. நான்கு சொல்லும் உண்மை, நான்கும் தமிழ், நான்கும் இன்றும் புழக்கத்தில் இருப்பவை. அவற்றைக் கனத்தின்படி ஏணிப்படியாக அடுக்கியதுதான் பிழை. மேலுறைக்குப் பெயர் வைத்தவர்கள் அது எத்தனை தடிமன் என்று அளந்து பார்த்து வைக்கவில்லை. அது எப்படிக் கழன்று வருகிறது, அதைக் கழற்றக் கை என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் வைத்தார்கள். இதைச் சாமல்பட்டிப் பக்கத்துப் புளியமரத்தடியில் நின்றே நிறுவலாம்.

சாமல்பட்டி கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில், ஜோலார்பேட்டை – சேலம் ரயில் பாதையில் இருக்கும் ஊர். பாவாணர் சேலம் நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்தபோது இந்த ஊரும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1965-இல் தருமபுரி தனி மாவட்டமானது. அதிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. மாவட்டத்தின் ஒரு விளிம்பு கர்நாடகத்தைத் தொடுகிறது, இன்னொரு விளிம்பு ஆந்திரத்தைத் தொடுகிறது. ஓசூரிலும் பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் சிப்காட் வந்தபிறகு தென்மாவட்டத்துப் பிள்ளைகளும் இங்கே வந்து வேலை பார்க்கிறார்கள். ஒரே காய்க்கு நான்கு மொழியில் பெயர் கேட்க வேண்டும் என்றால் இந்தப் பக்கத்தைவிடத் தோதான இடம் அமைவது கடினம்.

உளுந்தில் தொடங்குவோம். திருநெல்வேலிப் பக்கம் கறுப்புத் தோலோடு உடைத்த உளுந்துக்குத் 'தொலி உளுந்து' என்று பெயர். கடைக்காரரும் அப்படித்தான் எழுதி வைப்பார், வாங்குகிறவரும் அப்படித்தான் கேட்பார். அதே உளுந்து கிருஷ்ணகிரி மளிகைக் கடையில் 'தோல் உளுந்து' அல்லது 'கறுப்பு உளுந்து'. ரயிலேறி வடக்கே வந்ததால் உளுந்தின் மேலுறை தடித்துப் போய்விட்டதா? பருப்பு ஒன்று, உறை ஒன்று, தடிமன் ஒன்று. பெயர் மட்டும் இரண்டு. ஆகவே இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே இருப்பது வட்டார வேறுபாடு. மெலிவுக்கும் தடிப்புக்கும் அங்கே வேலையே இல்லை.

அடுத்து தக்காளி. ராயக்கோட்டைச் சந்தைக்கு வரும் தக்காளியை வெந்நீரில் போட்டு எடுத்தால் மேலே ஒரு சவ்வு சுருண்டு வரும். காய்கறிக் கூடையில் அதைவிட மெலிந்த உறை தேடினாலும் அகப்படாது. பாடநூல் சொல்கிறபடி பார்த்தால் அது தொலியாகத்தான் இருக்க வேண்டும். இந்தப் பக்கம் அதைத் தொலி என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் புரியாது. அது தோல்தான். இதே பாதையில் ஜோலார்பேட்டையைத் தாண்டினால் வரும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பதனிடும் மாட்டுத்தோலும் தோல்தான். தக்காளிச் சவ்வுக்கும் மாட்டுத்தோலுக்கும் ஒரே பெயர் பொருந்துகிறது என்றால் அந்தப் பெயருக்குள் தடிமன் அளவு எதுவும் கிடையாது.

இப்போது தொலியின் பக்கம். இந்தச் சொல்லை அன்றாடம் அதிகமாகப் புழங்குகிறவர்கள் மலையாளிகள். வாழைப்பழத் தோல் அவர்களுக்குப் பழத்தொலி. நம் கன்னியாகுமரிப் பக்கமும் அப்படித்தான். மனிதத் தோலும் தொலி. எதற்கும் வெட்கப்படாத ஆளைத் 'தொலிக்கட்டி' உள்ளவன் என்பார்கள், அதாவது தோல் தடித்தவன். தொலி என்றாலே மெல்லியது என்பது உண்மையானால், தடித்த தோலைச் சொல்லும் தொடரே தொலியை வைத்து எப்படிப் பிறந்தது? இந்த ஒரு சொல் போதும், ஏணியின் முதல் படி முறிந்துவிடுகிறது.

மேல்படியான ஓட்டுக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாலையோரத்துக்கும் வயல் வரப்புக்கும் புளியமரம் புதிதல்ல. பச்சைப் புளியங்காயைப் பறித்து நகத்தால் கீறினால் பச்சையாக ஒரு தோல் உரியும். சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், எளிதில் தனியாக வராது. சிறுவர்கள் உப்பு மிளகாய் தொட்டுத் தின்னும்போது அதைச் சுரண்டி எறிவார்கள். அப்போது அது புளியங்காய்த் தோல். அதே காய் மரத்திலேயே பழுக்கட்டும். உள்ளே சதை சுருங்குகிறது, மேலுறை காய்ந்து சதையை விட்டு விலகுகிறது, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கிறது. உலுக்கிப் பொறுக்கி வெயிலில் போட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரு தட்டுத் தட்டினால் அந்த உறை நொறுங்கி விழுகிறது. இப்போது அதன் பெயர் புளி ஓடு. ஓடு போய், நார் போய், கொட்டையும் போன பிறகுதான் புளி மூட்டைக்குப் போகும்.

ஒரே மரம், ஒரே காய், ஒரே அடுக்கு. தை மாதத்துக்கு முன்னால் தோல், மாசி பங்குனியில் ஓடு. இடையில் அது தடிக்கவில்லை. காய்ந்ததில் கொஞ்சம் மெலிந்தே போயிருக்கும். மாறியது அதன் குணம். உரிக்க வேண்டியதாக இருந்தது, உடைக்க வேண்டியதாகிவிட்டது. உடைவது ஓடு. முட்டை ஓடு மாதுளைத் தோலைவிட எவ்வளவோ மெலிந்தது. ஆனாலும் அது ஓடுதான், ஏனென்றால் அது உடையும். மாதுளை தோல்தான், ஏனென்றால் அது பிய்ந்து வரும். வீட்டுக் கூரையில் போடும் ஓடும், ஆமையின் ஓடும், நத்தையின் ஓடும் இந்தக் குணத்தால்தான் ஒன்றாகச் சேர்கின்றன.

தோடு வன்மையானது என்பது இன்னும் இக்கட்டான படி. பழைய தமிழில் தாழம்பூவின் மடல் தோடு, பூவிதழ் தோடு, பனையோலை தோடு. ஓலையைச் சுருட்டிக் காதில் செருகியதால் காதணியும் தோடு ஆயிற்று. பூவிதழில் எங்கே வன்மை? ஒன்றை ஒன்று மடித்து மூடிக்கொண்டிருக்கும் உறை என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் பொது. அந்த உறை மென்மையாகவும் இருக்கும், விறைப்பாகவும் இருக்கும். விறைப்பாக இருக்கும் ஓரிரண்டைப் பார்த்துவிட்டு வன்மையே தோட்டின் பொருள் என்று முடிவு கட்டினால் பூவிதழ் வெளியே நின்றுவிடும்.

பட்டியலின் மிச்சத்தைப் பார்த்தாலும் அது தன்னைத் தானே மறுத்துக்கொள்வது தெரியும். குடுக்கை என்பது சுரைக்காயின் ஓடாம். அங்கே கனத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நீர் மொண்டு வைக்கும் கலத்துக்கும் அதே பெயர்தான். மட்டை என்பது தேங்காயின் நாருறை. நாரால் வந்த பெயர் போலிருக்கிறது, கனத்தால் வந்ததாகத் தெரியவில்லை. கொம்மை என்பது வரகு, கேழ்வரகின் உமி என்கிறது பட்டியல். கேழ்வரகு விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் படித்தால் சிரிப்பு வரும். வரகின் உமி பல அடுக்காகக் கெட்டிப்பட்டிருக்கும். சிறுதானியங்களிலேயே குத்தி எடுக்கப் பாடுபடுத்துவது அதுதான். கேழ்வரகுக்கோ நெல்லைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும் உமி கிடையாது. களத்தில் அடித்துத் தூற்றும்போதே மேல் சவ்வு காற்றோடு போய்விடும். உள்தோல் தானியத்தோடு ஒன்றிப்போய் மாவில் சேர்ந்தே அரைபடும். களி அந்தச் சிவப்போடு இருப்பதற்கு அதுதான் காரணம். கெட்டியிலும் கெட்டியான உறை ஒன்று, காற்றில் பறக்கும் உறை ஒன்று, இரண்டும் ஒரே பெயருக்குக் கீழே நிற்கின்றன. அப்படியானால் பெயர் வைத்தவர்கள் கனத்தைப் பார்க்கவில்லை என்பதற்குப் பட்டியலே சாட்சி.

சரி, தொலி எங்கிருந்து வந்தது? தொலித்தல் என்று ஒரு வினை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, தானியத்தைக் குத்தி உமி நீக்குவதையும் தோலை உரிப்பதையும் இந்த வினையின் பொருளாகத் தருகிறது. கம்பு குத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கம்பில் நீர் தெளித்துப் பிசறி உரலில் போட்டு உலக்கையால் மெல்லக் குத்துவார்கள். ஓங்கிக் குத்தினால் தானியம் உடைந்துவிடும். மெல்லக் குத்தினால் ஒன்றோடொன்று உரசி மேலுறை மட்டும் கழலும். முறத்தில் புடைத்தால் அது ஓரமாக ஒதுங்கும். அந்த வேலை தொலித்தல்; அதில் கழன்று வருவது தொலி.

இந்த முறை தமிழுக்குப் புதிதல்ல. பள்ளி இலக்கணமே இதற்குத் தொழிலாகுபெயர் என்று பெயர் வைத்திருக்கிறது. பொங்குவது பொங்கல், வற்றியது வற்றல். உரித்தெடுத்த புலித்தோல் புலியுரி, மரத்திலிருந்து உரித்தெடுத்தது மரவுரி. உரி என்றால் எத்தனை தடிமன் என்று நம் பாடநூல் கேட்பதில்லை, நல்லவேளை. தொலிக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்வி? பெயர் முதலா வினை முதலா என்று சிலர் வாதாடலாம். எது முதலாக இருந்தாலும் பொருளும் செயலும் ஒரே சொல்லில் கட்டுண்டிருக்கின்றன. தடிமன் அந்தக் கட்டுக்குள் எங்கும் வரவில்லை.

செயலிலிருந்து பெயர் பிறப்பதை இன்றும் கண்ணால் பார்க்கலாம். மார்கழி, தையில் இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு மொச்சை ஊறும். ஊறிய பச்சை மொச்சையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து நுனியில் ஓர் அழுத்து அழுத்தினால், பருப்பு துள்ளிக் கிண்ணத்தில் விழும், தோல் விரலிலேயே தங்கிவிடும். அப்படி எடுத்த பருப்புக்குப் பிதுக்குப் பருப்பு என்று பெயர். பிதுக்குப் பருப்புக் குழம்பு இல்லாமல் இங்கே தை மாதம் கழியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் இதையே ஹிதகபேளே என்பார்கள். பால் அங்கே ஹாலு, புலி அங்கே ஹுலி; நம் பகரம் அவர்களிடம் ஹகரமாகும். பிதுக்கு ஹிதுக்கு ஆனதும் அந்தக் கணக்கில்தான். இரண்டு மொழியும் அந்தப் பருப்புக்கு ருசியாலோ நிறத்தாலோ பெயர் வைக்கவில்லை. விரல் செய்த வேலையால் வைத்திருக்கின்றன. தொலிக்கும் இதே வழிதான்.

தோலுக்கு வடமொழி மூலம் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். த்வக் என்பதுதான் தோல் ஆனதாம். த்வக் தமிழுக்கு வந்திருக்கிறது, மறுக்கவில்லை. துவக்கு, தொக்கு என்ற வடிவங்களில் வந்து மருத்துவ, தத்துவ நூல்களில் உட்கார்ந்திருக்கிறது. வந்த விருந்தாளி அங்கே தனியாகத் தெரிகிறபோது வீட்டுக்காரரையும் விருந்தாளி என்று சொல்ல என்ன அவசியம்? தோலின் லகரத்துக்கு த்வக்கில் இடமில்லை. தொலி, தொலித்தல் என்ற குடும்பத்துக்கும் அதில் விளக்கமில்லை. தெலுங்கில் தோலு, மலையாளத்தில் தோலும் தொலியும், கன்னடத்தில் தொகலு என்று உறவு முழுக்கத் தெற்கே இருக்கிறது. பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்டு 1984-இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஒரே பதிவில்தான் சேர்த்திருக்கிறது.

கன்னடத் தொகலுவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எல்லைப் பக்கத்துப் பேச்சில் மேலுறைக்குத் தொகலு, சிப்பை, தொக்க என்று காதில் விழுந்தாலே 'கலப்படத் தமிழ்' என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. துகள் தமிழில் தூள் ஆகிறது. பகுதி பாதி ஆகிறது. மிகுதி மீதி ஆகிறது. நடுவே இருக்கும் ககரம் தேய்ந்து முதல் எழுத்து நீள்வது நம் மொழியின் பழக்கம். தொகல் தோல் ஆனதும் இதே வழியில்தான் என்பது திராவிட மொழியியலாரின் கணிப்பு. அப்படியானால் தேய்ந்த வடிவம் நம்முடையது, தேயாத வடிவம் கன்னடத்தினுடையது. நம் சொல்லின் பழைய முகத்தைக் காட்டும் சொல்லைக் கலப்படம் என்று விரட்டுவது எந்த வகைத் தமிழ்ப் பற்று?

பாவாணர் மீது கை வைக்க நீ யார் என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1902-இல் பிறந்து 1981-இல் மறையும்வரை சொல்லே வாழ்க்கை என்று இருந்தவர் அவர். 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநரானபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஏட்டில் ஏறாத உழவர் சொல்லையும் இலக்கியச் சொல்லோடு சமமாக உட்கார வைத்தது அவர் செய்த பெரிய காரியம். அந்தக் கட்டுரையின் மைய வாதம், அதாவது நிலத்தோடும் பயிரோடும் வாழ்ந்த மக்களிடம் இத்தனை சொல் பிறந்தது என்பது, இன்றும் அசையாமல் நிற்கிறது. இங்கே மறுப்பது ஒரு வரிசையை மட்டும். அந்த வரிசையைச் சோதிக்க இங்கே கையாண்டதும் அவர் வழிதான்: மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது.

'பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எளிமையாகச் சொல்லியிருக்கிறார்கள், இதில் என்ன கெட்டுப்போயிற்று' என்று இன்னொரு சமாதானம் வரும். கெட்டுத்தான் போகிறது. வாழைப்பழத் தொலி என்று சொல்லி வளர்ந்த நாகர்கோவில் பிள்ளை, தன் அம்மா தவறான சொல்லைச் சொல்கிறாள் என்று நினைக்கிறது. தக்காளித் தோல் என்று எழுதிய கிருஷ்ணகிரிப் பிள்ளை, அது தொலியாக இருக்க வேண்டுமோ என்று குழம்புகிறது. வீட்டில் சிப்பை என்று சொல்லும் ஓசூர்ப் பிள்ளை வாயையே திறப்பதில்லை. வளத்தைக் காட்ட எழுதிய பாடம் மூன்று பிள்ளைகளின் வீட்டுச் சொல்லையும் பிழையாக்கிவிடுகிறது. மதிப்பெண் போவதைவிட இது பெரிய நட்டம்.

ஏணியை எடுத்துவிட்டால் தமிழின் நுட்பம் குறைந்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். மெலிந்தது, தடித்தது என்று அடுக்க எந்த மொழியாலும் முடியும். அதற்கு இரண்டு அடைமொழி போதும். உரல் வேலை ஒரு சொல்லாக, விரல் வேலை ஒரு சொல்லாக, உடைவது ஒன்றாக, மடிந்து மூடுவது ஒன்றாக, கலமாகப் பயன்படுவது இன்னொன்றாக வைத்துக்கொள்வதுதான் அரிது. அந்த அருமையைத் தடிமன் கணக்காகச் சுருக்கி ஒப்பிப்பது தமிழுக்குச் செய்யும் உபகாரம் ஆகாது.

பாடநூல் குழுவுக்கு ஒரே வேண்டுகோள். பாவாணர் கட்டுரை அப்படியே இருக்கட்டும். இந்த வரிசைக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்: இவை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் சொற்கள், உங்கள் வீட்டில் உளுந்து, புளி, வாழைப்பழம், மொச்சையின் மேலுறைக்கு என்ன பெயர், அதை நீக்கும் வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதி வாருங்கள். அது சேரும்வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நாளை வகுப்பிலேயே கேட்கலாம். தொலி என்று எழுதிய பிள்ளைக்கும் தோல் என்று எழுதிய பிள்ளைக்கும் மதிப்பெண் போடுங்கள். இரண்டும் சரி.